கலை பண்பாட்டுத் துறைக்கு: கணக்கும் தேதியும் பார்ப்பவருக்கு ஒரு சம்பளம் போடுங்கள்

மதிப்பிற்குரிய கலை பண்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் மாவட்டக் கலை மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாக ஐந்து விருதுகள் தருகின்றன. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. பள்ளிக்கூடப் பருவம் முதல் கிழப்பருவம் வரை ஒரு கலைஞரின் வாழ்க்கையை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மாநில அளவில் கலைமாமணி இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம், பொங்கலுக்குச் சென்னை சங்கமம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், இவற்றால் பிழைத்தவர்கள் உண்டு.

ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மட்டும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் வெற்றிலை பாக்கு வாங்கி ஆட்டத்துக்குத் தேதி குறிப்பவர், முன்பணம் பேசுபவர், வேன் பிடிப்பவர், காவல் நிலையத்தில் மனுவோடு நிற்பவர், விடிந்ததும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு ரசீதுகளைப் பையில் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்புபவர். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்தில் கூத்து ஜமாக்களுக்கும் ஒரு சிறிய நாடகக் குழுவுக்கும் நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இதை ஒரு தொழிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்: படிப்போடு, சம்பளத்தோடு, மேலே போக வழியோடு.

இந்த வேலையில் என்ன பெரிய படிப்பு இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்திலேயே சிலர் கேட்கக்கூடும். ஒரே ஒரு ராத்திரி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

கூத்து இரவு பத்து மணிக்குக் களரி கட்டி, விடியற்காலை வரை நடப்பது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்களுக்கு, அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான் தளர்த்த முடியும். அதாவது துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு முடிப்பதற்குள் சட்டப்படி மைக்கை நிறுத்திவிட வேண்டும். ஆட்டம் எப்படி நடக்கிறது? யாரோ ஒருவர் பத்து நாள் முன்பே நிலையத்துக்குப் போய், இது ஆடல் பாடல் நிகழ்ச்சி அல்ல, திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்று எடுத்துச் சொல்லியிருப்பார். குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு இரண்டு பாக்ஸ் மட்டும் வைப்போம், பன்னிரண்டுக்குமேல் அதையும் அணைத்துவிட்டுத் தொண்டையால் பாடுவோம் என்று எழுதிக் கொடுத்திருப்பார். மைக் இல்லாமல் வாசிக்கவும் பாடவும் முகவீணைக்காரரையும் பின்பாட்டுக்காரரையும் முன்கூட்டியே தயார் செய்திருப்பார். வேடம் கட்டுகிறவர் நிம்மதியாக அரிதாரம் பூசிக்கொண்டிருப்பது, இந்தப் பேச்சுவார்த்தை அவர் காதுக்கு எட்டாமல் முடிந்துவிட்டதால்தான்.

அதே ஜமாவை நகரத்தில் ஒரு நிறுவன விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழா நடத்தும் கம்பெனி, ஜிஎஸ்டி பில் கொண்டுவா என்று கேட்கும். கிராமியக் கலையோ செவ்வியல் கலையோ, இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது என்பது ஜமாவை நடத்தும் வாத்தியாருக்குத் தெரியாது. கம்பெனி கணக்கருக்கும் பெரும்பாலும் தெரியாது. நடுவில் ஒரு ஆளைப் பிடித்து அவர் பெயரில் பில் போடுவார்கள்; அவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அடுத்தது வருமான வரிப் பிடித்தம். பான் எண் கொடுத்தால் 10 சதவீதம், கொடுக்காவிட்டால் 20. ஆண்டு முழுக்க ஆடினாலும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராத கலைஞரின் பணம் அது. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வந்துவிடும். தாக்கல் செய்யத்தான் ஆள் இல்லை. எங்கள் வட்டாரத்தில் இப்படி அரசாங்கத்திடமே தங்கிவிட்ட கூத்துக் காசு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் வயிறு எரியும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. 2013-ம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற பிரிவு 135-ஐ எல்லோரும் அறிவார்கள். அந்தப் பணம் எதற்கெல்லாம் போகலாம் என்ற அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கலைகள், கைவினைகள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதை வாங்க ஜமாவுக்கு என்ன வேண்டும்? சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், மூன்று ஆண்டு அனுபவம், நிறுவன விவகாரத் துறையில் ஒரு பதிவு எண். 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்வது சுலபம். பதிவுக்குப் பிறகு வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தணிக்கை செய்து, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டுமே, அங்கேதான் ஜமாக்கள் விழுகின்றன. பதிவு செய்து இரண்டு வருடத்தில் செத்துப்போன கலைச் சங்கங்களின் ரப்பர் ஸ்டாம்புகள் மட்டும் எத்தனையோ வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே இருக்கின்றன.

இத்தனையையும் செய்ய ஓர் ஆளுக்குச் சட்டம் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், பேச்சு நிறைய, கூத்து முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அர்ச்சுனன் தபசுக்கு ஏன் தனி மரம் நட வேண்டும், துரியோதனன் வீழ்வதை ஆடிக்காட்டும் படுகளத்தன்று ஊர்க்காரர்கள் ஏன் பகலில் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று தெரியாதவர் தேதியையும் குறிக்க முடியாது, செலவையும் போட முடியாது.

எங்கள் ஜமா ஒன்றில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பரம்பரைக் கூத்துக் குடும்பம், அப்பா பெண் வேடம் கட்டுபவர். செய்யாற்றில் பி.காம். படித்தாள். கல்லூரி முடித்த கையோடு ஜமாவின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பங்குக் கணக்கைச் செல்போனிலேயே அட்டவணை போட்டுவிட்டாள். யார் முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார், சீசன் முடிவதற்குள் எத்தனை ஆட்டத்தில் கழியும் என்று அவள் ஆறாவது நிமிடத்தில் சொல்வாள். வாத்தியாருக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு அவள் இல்லாமல் தேதியே குறிக்கமாட்டேன் என்றார். ஐயாயிரத்துக்கு மேல் போகிற ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று ஸ்டாம்புத் தாளைக் கிழிக்காமல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள் வைத்துக்கொண்டு திரிவாள். அந்த உறையைப் பார்த்தாலே சம்பளம் வரப்போகிறது என்று மத்தளக்காரர் சிரிப்பார்.

அவளுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு பங்கில் பாதி. சீசன் இல்லாத மாதங்களில் அதுவும் இல்லை. ஒரு நிதி நிறுவனத்துக்கு எழுதினோம். விண்ணப்பத்தில் வேடப் பொருளுக்கு இடம் இருந்தது, ஒத்திகைக்கு இடம் இருந்தது, பயணத்துக்கு இடம் இருந்தது. கீழே ஒரு வரி: நிர்வாகச் செலவுகளும் ஊழியர் சம்பளமும் அனுமதிக்கப்படாது. அவள் இப்போது சிப்காட்டில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இருக்கிறாள். கண்காணிப்பாளர் வேலை, பிஎஃப் உண்டு, போக வர பஸ் உண்டு. நல்ல வேலைதான். ஜமாவின் கணக்கு மறுபடி நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

அந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வெளிநாட்டு நிதியை இந்த நாட்டில் எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2020-ல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை இறுக்கி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். அவ்வளவு இறுக்கியும் 20 சதவீதம் இருக்கிறது! உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர்க் கலைக்கு, நிர்வாகத்துக்குச் சுழியம் என்பது என்ன நியாயம்? பணம் தருபவர்கள் ஒவ்வொரு ரூபாயும் கலைஞர் கையில் போய்ச் சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதுகிறார்கள். விளைவு நேர்மாறாக இருக்கிறது. கணக்குக் கொடுக்க ஆள் இல்லாததால் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாது, இரண்டாவது தவணை வராது. கலைஞர் கையில் பாதிதான் சேரும்.

ஏஜென்ட் என்றாலே கமிஷன் அடிப்பவன் என்ற பேச்சு கலைஞர்களிடமே இருக்கிறது. பொய்யென்று சொல்லமாட்டேன். பேசிய தொகை ஒன்று, மேடையில் கொடுத்தது ஒன்று என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், மாதச் சம்பளம் இல்லாத, ஒப்பந்தம் இல்லாத, யாரும் கேள்வி கேட்க முடியாத ஒருவரிடம் மொத்தப் பணமும் ரொக்கமாகப் போகிறது. அங்கே கமிஷன் வராமல் வேறு என்ன வரும்? சம்பளம் போட்டு, ஒப்பந்தம் எழுதி, கணக்கை ஜமா முன்னால் படிக்க வையுங்கள். பாதித் திருட்டு அன்றே நிற்கும். மீதிப் பாதிக்குப் போலீஸ் இருக்கிறது.

இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. மதுரைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகத்துக்கு நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று புகைப்படங்களோடு போடும் நோட்டீஸில் நாடக அமைப்பாளர் என்று ஒரு பெயரும் இருக்கும். நடிகர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஊர், ஒத்திகை கிடையாது, நேராக மேடையில்தான் சந்திப்பார்கள். யாரோடு யாரைச் சேர்த்தால் வள்ளி திருமணத்தில் தர்க்கம் சூடு பிடிக்கும் என்று அந்த அமைப்பாளருக்குத் தெரியும். கலை நிர்வாகம் கற்றுத்தரும் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் அவரை வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் கௌரவம் அவர்களுக்கு.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, படங்கள் விற்காத காலம். ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று நிலத்துக்கும் வீட்டுக்கும் பணம் சேர்த்தார்கள். பணிக்கர் ஓவியர் என்பதற்காக நினைக்கப்படுகிறார், சரிதான். அந்தக் கூட்டுறவைக் கட்டியவர் என்பதற்காகவும் நினைக்கப்பட வேண்டாமா? ருக்மிணி தேவியும் அப்படித்தான். 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கி, 1986-ல் மறையும்வரை அரை நூற்றாண்டு ஒரு நிறுவனத்தை நடத்திக்காட்டினார். அவர் ஆடியதைப் பற்றி எழுதிய அளவுக்கு அவர் நடத்தியதைப் பற்றி நாம் எழுதவில்லை.

அரசாங்கமே ஒருமுறை இதைச் செய்திருக்கிறது, தெரியாமல். 90-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பாட்டு எழுதவும் வீதி நாடகம் போடவும் மட்டும் ஆள் சேரவில்லை. எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த நேரம் ஆடினால் கூலி வேலை முடித்து வருபவர்கள் நிற்பார்கள் என்று திட்டமிடவும் ஒரு தலைமுறை பழகியது. இன்றைக்கும் பல மாவட்டங்களில் கலை நிகழ்ச்சி ஒருங்கிணைப்பவரிடம் பழைய கதை கேட்டால் அறிவொளியில் போய் நிற்கும். எழுத்தறிவுக்காகச் செலவழித்த காசில் கிடைத்த உபரி லாபம் அது. அதற்குப் பிறகு அப்படி ஒரு பள்ளிக்கூடம் நமக்கு வாய்க்கவில்லை.

பக்கத்து மாநிலத்தையும் பார்க்கலாம். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற பாக்குத் தோட்டத்துச் சிற்றூர். அங்கே 1949-ல் தொடங்கிய நீநாசம் அமைப்பை கே.வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்தார். 1980-ல் நாடகப் பள்ளி, 1985-ல் திருகாட்ட என்ற சுற்றுப்பயணக் குழு. ஆண்டுதோறும் அந்தக் குழு நாடகங்களோடு மாநிலம் முழுக்கச் சுற்றுகிறது. ஒவ்வோர் ஊரிலும் வரவேற்று மேடை போட ஓர் உள்ளூர்க் குழு இருந்தால்தான் இப்படிச் சுற்ற முடியும். நாற்பது ஆண்டில் அங்கே நடிகர்கள் உருவானதைவிட, நாடகத்தை ஊருக்கு வரவழைக்கத் தெரிந்தவர்கள் உருவானதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதே மாநில அரசு 1989-ல் மைசூரில் ரங்காயணத்தைத் தொடங்கி, நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. நாமோ 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையைப் பற்றி இன்னமும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் கலை அமைப்புகளை யார் நடத்துகிறார்கள்? சென்னை சபாக்களை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சம்பளம் வாங்காத செயலாளர்கள். வங்கியிலோ அரசிலோ தணிக்கைத் துறையிலோ ஓய்வு பெற்றவர்கள், சொந்தத் தொழில் உள்ளவர்கள். அவர்களுடைய உழைப்பை நான் மதிக்கிறேன், மார்கழி அவர்களால்தான் ஓடுகிறது. ஆனால் சம்பளமில்லாத வேலையை யார் செய்ய முடியும்? ஓய்வூதியமோ சொத்தோ உள்ளவர்தான். அப்படியானால் எதை மேடையேற்றுவது, யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கிற நாற்காலி எப்போதும் ஒரே சில சாதிக்கும் ஒரே சில தெருவுக்கும்தான் போகும். பறையடிப்பவரின் மகனோ, கரகம் ஆடுபவரின் மகளோ அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் அதற்கு மாதம் ஒரு தொகை வந்தே ஆக வேண்டும். 2025-ல் பறைக்காக வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடையில் நின்றவர்களுக்கு வாசல் திறந்துவிட்டது. மேடையைத் தீர்மானிக்கிற இடத்து வாசலைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கியபோது மீனவர் தெருவில் கர்நாடக இசைக் கச்சேரி என்பதே செய்தியானது. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, குப்பத்து மக்களும் நடத்துபவர்களில் ஒருவராக இருந்தது. 2020 மார்கழியில் நீலம் பண்பாட்டு மையம் மக்களிசையை மேடையேற்றியபோதும் அதே கதை, தீர்மானிப்பவர்கள் மாறினார்கள், மேடை தானாக மாறியது. எங்கள் வட மாவட்டங்களில் இதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் இருபது நாள் நடக்கும்: பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பிரசங்கியாருக்குத் தங்க வீடு பார்த்து, ஜமாவுக்கு எந்தத் தெரு எந்த வேளைச் சோறு என்று முறை வைத்து, ஒரு கிராமம் தானே நடத்திக்கொள்கிறது. அந்தக் குழுவில் கணக்கு எழுதும் இளைஞருக்கு, நீ செய்வது ஒரு தொழில், இதில் படிப்பு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

உங்களிடம் இதற்கான இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான்கு இசைக் கல்லூரிகள், 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள், சவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. கலை நிர்வாகத்துக்குத் தமிழில் ஓராண்டுப் பட்டயம் ஒன்றை வார இறுதி வகுப்பாகத் தொடங்குங்கள். ஜமாவிலோ குழுவிலோ வேலை பார்த்தவருக்குப் பட்டம் கேட்காதீர்கள். பாதி வகுப்பறை, பாதி களம். களம் என்றால் விழாவுக்குத் தன்னார்வலராக வந்து அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நிற்பதல்ல, ஒரு முழுக் கூத்து சீசன், அல்லது ஒரு ஊர்த் திருவிழா தொடக்கம் முதல் கணக்கு முடிப்பு வரை. பாடம் எடுக்கத் தணிக்கையாளரும் வரட்டும், நாடக அமைப்பாளரும் வரட்டும், மைக்செட் வாடகைக்கு விடுபவரும் வரட்டும். மேலாண்மைக் கல்லூரியில் படித்தவரைக் கொண்டுவந்து ஜமாவுக்கு வியூகம் வகுத்துக் கொடுக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அப்படிப்பட்ட ஓர் அறிக்கையை ஒருமுறை படித்தேன். கூத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கினால் சந்தை விரியும் என்று எழுதியிருந்தது. படுகளத்தை ஒன்றரை மணியில் முடித்தால் தீமிதி யார் மிதிப்பது?

படித்து வந்தவருக்கு வேலை? 38 மாவட்டங்களின் கலைப் பணிகளை ஒரு சில மண்டல மையங்களிலிருந்து பார்க்கிறீர்கள். அங்குள்ள உதவி இயக்குநர்கள் எத்தனை விழாவுக்குத்தான் ஓடுவார்கள்? மாவட்டத்துக்கு ஒரு கலை ஒருங்கிணைப்பாளர் பணியிடம் உருவாக்குங்கள். மாவட்டத்திலுள்ள குழுக்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் தெரிந்த பத்துப் பேரோடு நிறுத்தாமல் முழுமையாக வைத்திருப்பது, பதிவு, வரி, விண்ணப்பம் மூன்றுக்கும் குழுக்களுக்கு உட்கார்ந்து உதவுவது, காவல் துறைக்கும் கோயில் கமிட்டிக்கும் நடுவில் நிற்பது அவர் வேலை. பத்து வருடத்தில் அவர் மண்டலத்துக்குப் போக வேண்டும், அதன் பிறகு விழா இயக்குநராக, மன்றச் செயலாளராக. எங்கள் பிள்ளைகள் அந்தப் படிக்கட்டைக் கண்ணால் பார்த்தால்தான் ஏறுவார்கள்.

பட்டயத்துக்குப் பல்கலைக்கழகக் குழு கூட வேண்டும், பணியிடத்துக்கு நிதித் துறை ஒப்ப வேண்டும், காலம் ஆகும் என்று தெரியும். ஆனால் நீங்கள் தரும் உதவிகளில் 15 சதவீதம் வரை குழுவின் நிர்வாகிக்குச் சம்பளமாகப் போகலாம் என்று எழுதுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அரசே அப்படி எழுதினால் தனியார் அறக்கட்டளைகளும் தங்கள் படிவத்திலிருந்து அந்தக் கடைசி வரியை எடுக்க வழி பிறக்கும். வரும் மானியக் கோரிக்கைக்கு முன்பாக ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்கள். பங்குக் கணக்கு நோட்டுகள், பாதியில் நின்ற விண்ணப்பங்கள், கிடைக்காத இரண்டாம் தவணைக் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வருகிறோம். பங்குனி, சித்திரை மட்டும் வேண்டாம், ஆட்டம் இருக்கிறது.

இப்படிக்கு,
செய்யாறு வட்டாரக் கூத்து ஜமாக்களின் தேதி, கணக்குப் பொறுப்பாளர்